எத்தனை அறை

அக்டோபரின் முதல் திங்கள்.
உலகக் குடியிருப்பு நாளென்று
நகரசபை தொப்பி கொடுத்து அனுப்பியது.

உலான்பாட்டரின் வடக்கு மேட்டில்
நர்மந்தாக்கின் வட்டக் கூடாரம்.
"எத்தனை அறை?"
சுற்றிப் பார்த்தாள்:
அடுப்பு, ஒற்றைக் கட்டில், தூங்கும் இரட்டையர்,
கரி மூட்டை.
"ஒன்று. புகை இறங்கினால் அதுவும் இல்லை."

கதவு எண்?
ஆரஞ்சுக் கதவில் அவளே எழுதியிருந்தாள்,
தன் கைபேசி எண்ணை.
போன மாசி இரவில் ஆம்புலன்ஸ்
கீழே மளிகைக்கடையோடு நின்றுவிட்டதாம்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

'தேவை' என்ற இடம் ஒரு விரல் அகலம்.
"தெருவுக்கு ஒரு பெயர்" என்றாள்.
"வீடு வேண்டாமா?"
"அதைப் போன வருஷமே எழுதிக்கொண்டு போனார்களே."

இறங்கும்போது பனி தூறியது.
வேலி, வேலி, வேலி, ஒரே நாய்.
மூன்றாம் முறை வழி தவறியபின்
தொப்பியைக் கழற்றிவிட்டு
அந்தக் கதவின் எண்ணை அழைத்தேன்.