பாதி ஐஸ்

மூன்று மணிக்குக் கரன்ட் போனது.
கென்டக்கியில் ஜூலை என்பது
ஈரத்துணியை முகத்தில் போட்டு
மூச்சு விடச் சொல்வது.
மின்விசிறி கடைசிச் சுற்றை முடித்து
எல்லாரையும் ஒருமுறை பார்த்து நின்றது.

தொட்டியில் நாற்பது பவுண்டு ஐஸ்.
இனி அது என் கணக்கில் இல்லை, வெயிலின் கணக்கில்.
"குடிக்கிறவர்கள் குடியுங்கள், காசைப் பிறகு பேசலாம்" என்றேன்.
கடன் சொல்லியே பழகாத டெல்மர் கூம்ஸ்கூட
நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

அவன் தொப்பி நிறைய பிளாக்பெர்ரி.
ரயில் பாதையோரம் பறித்தது.
முழங்கைவரை முள் கீறல்.
எது சாறு எது ரத்தம் என்று
அவனுக்கே தெரியவில்லை.
கழுவினேன். இருமுறை.

செய்முறை என்று எதுவும் இல்லை,
இருந்ததைச் சொல்கிறேன்.
ஒரு கைப்பிடி பழம். மரக்கட்டையால் நசுக்கு.
விதை உடையும்வரை போகாதே, கசந்துவிடும்.
போன அக்டோபரில் ஆட்டிய சோளப்பாகு
கரண்டியை விட்டு இறங்க மனசில்லாதது.
காஸ் அடுப்பு எரிந்தது;
வெந்நீர் விட்டுச் சமாதானம் செய்தேன்.
புதினா, பின்வாசல் குழாயடியில் கேட்காமல் வளர்வது.
கிழிக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு,
தூங்குகிறவனைக் கோபம் வராமல் எழுப்புகிற அளவு.
எலுமிச்சை அரை மூடி.

அப்புறம் பர்பன்.
நான்கு மைல் தள்ளிக் காய்ச்சியது.
சுண்ணாம்புப் பாறை வடித்த தண்ணீர், மக்காச்சோளம்,
உள்ளே தீய்த்த ஓக் பீப்பாய்,
அதற்குள் ஆறு கோடை.
சோளமும் மக்காச்சோளமும்
பெயரளவில் பங்காளிகள்.
கோப்பையில் கொஞ்சநேரம் முறைத்துக்கொண்டு
பிறகு தோளில் கை போட்டுக்கொண்டன.
மேலே ஐஸ்,
கோபுரமாக, வெட்கமில்லாமல், இருக்கிறவரைக்கும்.

ஆறாவது கோப்பையின்போது கதவு திறந்தது.
ஆர்லீனா ஸ்டாம்ப்பர்.
இந்த ஊரில் மதுக்கடை கூடாது என்று
ஞாயிறுதோறும் கையெழுத்து வாங்கியவள்.
பதினோரு வாக்கில் தோற்றவள்.
பதினோரு ஆண்டாகத் தெருவை மறுபக்கமாகக் கடப்பவள்.

யாரும் பேசவில்லை.
டெல்மர் வெறும் தொப்பியைத் தலையில் வைத்து
மறுபடி கழற்றினான்.

"கார்லாண்டின் இன்சுலின்" என்றாள்.
"ஃபிரிட்ஜ் சூடாகிவிட்டது."

தொட்டியைப் பார்த்தேன்.
முக்கால் இருந்தது பாதியாகியிருந்தது.
பாதியில் பாதி என்று முதலில் நினைத்தது கை.
பிறகு வாளியை எடுத்து
மிச்சம் இருந்ததை எல்லாம் வாரிப் போட்டேன்.
அடியில் கிடந்த தண்ணீர் எங்களுக்கு.

கிடங்குப் பீப்பாய்களிலிருந்து
ஆண்டுதோறும் ஆவியாகிப் போவதை
இங்கே தேவதைகளின் பங்கு என்பார்கள்.
குடித்த தேவதைகள் கை துடைப்பது
ஆர்லீனா வீட்டுச் சுவரில்.
அந்த ஆவியைத் தின்று வளரும் கரும்பூஞ்சணம்
கூரையிலிருந்து ஜன்னல்வரை இறங்கியிருக்கிறது.
வசந்தம்தோறும் ஏணி வைத்து
பிளீச் போட்டுத் தேய்க்கிறாள்.
ஒரு சொட்டும் தொடாதவள் வீடுதான்
தெருவிலேயே அதிகம் குடித்தது.
நான் அதைச் சொல்லவில்லை.
சொல்ல நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கலாம்.

வாளி கனமாக இருந்தது. அவள் நெற்றி சிவந்திருந்தது.
"இதில் என்ன இருக்கிறது?" கோப்பையைக் கேட்டாள்.
பழம், பாகு, புதினா, எலுமிச்சை.
"அப்புறம்?"
"அப்புறமும் இருக்கிறது."
"அப்புறம் இல்லாமல் ஒன்று கொடு, வெர்னா."

என் பெயர் அவளுக்குத் தெரியும் என்பது
எனக்கு அப்போதுதான் தெரியும்.

வாளியிலிருந்தே மூன்று கட்டி எடுத்துப் போட்டாள்.
நின்றபடியே குடித்தாள்.
உதட்டோரம் கறுப்பு நீலம்.
கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:
"எலுமிச்சை போதாது."

கதவு ஆடி நின்றது.
டெல்மர் என்னைப் பார்த்தான்.
நான் அடுத்ததில், வெதுவெதுப்பான அடுத்ததில்,
இன்னும் அரை மூடி பிழிந்தேன்.

சரிதான். போதவில்லைதான்.