பத்து பர்சன்ட்

கோத்தகிரி இலைக் கொள்முதல் அறையில்
சாம்பிள் டப்பாக்களுக்குக் கீழே
விசிறி மட்டும் சத்தம் போடும் ஒரு பழைய கம்ப்யூட்டர்.
அதற்குள் இருநூற்றுப் பதினேழு ஆட்கள்.
ஆளுக்கு ஓர் அட்டை.
முதல் வரி தொடக்கம் என்கிறது,
கடைசி வரி முடிவு என்கிறது,
நடுவே பெயரும் எண்ணும்.
முகவரிக்கும் இடம் உண்டு, அநேகமாகக் காலி.
சிலதில் மட்டும் டிரைவர் மாதன் எழுதியிருப்பான்:
மேல் வளைவு, மூணாவது சில்வர் ஓக், ஹாரன் ரெண்டு தடவை.

கணக்கர் ஆல்துரைதான் சொன்னார்,
நாலு போனுக்கும் ஒரே ஏடு போதும் என்று.
ஒருவர் திருத்தினால் எல்லோரிடமும் திருந்தும்.
சோலூர்மட்டத்தில் யாரோ சிம் மாற்றினால்
லாரிக்குத் தெரியும், தராசுக்குத் தெரியும், எனக்கும்.
நல்லதுதானே என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கோத்தோம்.
இரவு முழுக்க அவை தமக்குள் பேசியிருக்கின்றன.
காலையில் வந்து பார்த்தால்
ஒரே எண்ணுக்கு மூன்று பெயர்:
பெள்ளி
பெள்ளி அட்வான்ஸ்
முத்தல் இலை பெள்ளி.

தராசுக்காரர் போனில் 'எடுக்காதே' என்றிருந்த எண்
மாதனுடையதில் 'தங்கச்சி'.
நான் அதைப் படித்தபோது இருவரும் வெளியே
ஒரே தீக்குச்சிக்குக் குனிந்திருந்தார்கள்.

என் எண்ணைத் தேடினேன்.
தவமலர் என்று ஒன்று, நானே எழுதியது.
ஆபீஸ் என்று ஒன்று.
மூன்றாவது,
பத்து பர்சன்ட்.

மழைநாளில் ஈர இலைக்குக் கழிக்கும் கணக்கு அது.
ஃபேக்டரி சொல்லும், நான் எழுதுவேன்.
ஆனால் மேட்டில் நின்று சாக்கை ஏற்றுகிறவர்களுக்கு
அந்த வாய் என்னுடையது.
கண்டியிலிருந்து கப்பலேறி வந்த அப்பாவின் காகிதத்தில்
பெயரில் ஓர் எழுத்துப் பிழை;
அந்த ஓர் எழுத்துக்காக
இருபது வருடம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தார்.
இதில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

வேறொன்றும் அந்த மாதம் கற்றேன்.
போனவர்களை வெறுமனே அழித்தால் போதாது,
போய்விட்டார் என்று ஏடு
எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.
அந்தச் சொல் எட்டாத போன் ஒன்று
அலமாரியில் எட்டு மாதம் கிடந்து சார்ஜ் ஏறினால்
திருப்பூர் போன லிங்கம்மாளை மறுபடியும்
ஜக்கனாரையில் குடிவைத்துவிடும்.
அப்படித்தான் ஒருநாள் மாதன் அவள் வளைவில் நின்று
இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தான்.
பூட்டிய வீடு.
நாய் மட்டும் வந்ததாம்.

புதன்கிழமை மதியம்,
பனி வந்து ஜன்னலை அடைத்த நேரம்,
அந்த அட்டையைத் திறந்தேன்.
இருந்ததை அழித்து என் பெயரை எழுதி
சேமி என்றேன்.
முடியாது என்றது கம்ப்யூட்டர்.
ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு முத்திரை உண்டு,
யார் தொட்டாலும் அது மாறும்.
நீ பார்த்த அட்டை இப்போது இல்லை,
புதியதை வாங்கிப் பார்,
அப்புறம் திருத்து.

கட்டபெட்டு தாண்டி டவர் கிடைக்கிற ஒரே திருப்பத்தில்
லாரியை ஓரம் கட்டி
மாதனும் அதையே திறந்திருக்கிறான்.
நான் படித்தது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.
வாங்கிப் பார்த்தேன்:
தவமலர் பத்து பர்சன்ட்.

பெயர் முன்னால் வந்திருந்தது.
மற்றதை அவன் எடுக்கவில்லை.
விரலை அதன்மேல் வைத்தபடி கொஞ்சநேரம் இருந்தேன்,
பிறகு விட்டுவிட்டேன்.

நாலு மணிக்கு லாரி வந்தது,
சாக்கெல்லாம் சொட்டச் சொட்ட.
அவன் ஒன்றும் கேட்கவில்லை, நானும்தான்.
அன்று பன்னிரண்டு கழித்தேன்.
அட்டையை
இதுவரை யாரும் மாற்றவில்லை.