நானூற்றுப் பன்னிரண்டு நாட்டாமைகள்

பத்தரமுல்லையில் ஆறாம் மாடி.
குளிரூட்டி ஒழுகும் மூலையில் என் கணினி,
அதற்குக் கீழே ஒரு வாளி.
மூன்றாம் காலாண்டின் அட்டவணைகளைத்
துருவித் துருவிப் பார்ப்பது என் வேலை.
பொருந்தாத எண் வந்தால் நிறுத்தி, எங்கிருந்து வந்தாய் என்று கேட்பது.

கொழும்பு மாவட்டம், ஆண்கள், தொழில்வாரியாக.
காவலாளிகள் சரி.
முச்சக்கர வண்டிக்காரர் சரி.
தையல்காரர் கொஞ்சம் குறைவு, ஆனாலும் சரி.
மேலே, அதிகாரிகளின் வரிசையில்,
கூச்சத்தோடு ஒதுங்கி நின்றது ஒரு வரி:
மரபுவழித் தலைவர்கள், ஊர்ப் பெரியோர் – 412.

கொழும்பிலா?
எந்த ஆலமரத்தடியில்,
எந்தச் சொம்போடு?

படிவத்தைத் தேடி எடுத்தேன்.
ஒரேயொரு படிவம், ஒரேயொரு ஆள்.
மாதிரியில் அகப்பட்டவர்
அகப்படாதவர்களையும் சேர்த்துத் தோளில் சுமக்கவேண்டும்,
எங்கள் கணக்கு அப்படி.
தொழில் என்ற கோட்டின் மேல்
நீல மையில், தமிழில், சாய்ந்த எழுத்தில்:
நாட்டாமை, நாலாம் குறுக்குத் தெரு.

குறியீடு போட்டவள் தர்மிலா.
மட்டக்களப்புப் பிள்ளை;
புறக்கோட்டை அவளுக்கு ஊருக்கு பஸ் ஏறும் இடம், அவ்வளவுதான்.
"தீர்ப்புச் சொல்றவர்தானே அக்கா?"
"மூட்டை தூக்கிறவர்."
"பிறகேன் அந்தப் பேர்?"
வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.
எனக்கும் தெரியவில்லை.

மிச்சத்தையும் வாசித்தேன்.
கடந்த வாரம் வேலை செய்த மணித்தியாலங்கள்: அறுபத்தொன்று.
தொழில்தருநர்: யார் கூப்பிட்டாலும்.
சேமலாப நிதி: இல்லை.
மேலதிக நேரம் வேலை செய்ய விருப்பமா?
ஆம் பெட்டியிலும் இல்லைப் பெட்டியிலும் புள்ளடி இல்லை.
ஓரத்தில், விபரம் எடுத்தவரின் கையெழுத்து:
சிரிக்கிறார்.

திருத்த வேண்டியதுதான்.
ஆனாலும் விரல் கொஞ்சம் தயங்கியது.
ஒரு காலாண்டு இருந்துவிட்டுப் போகட்டுமே.
செத்தல் மிளகாய் மூட்டைகளின் மேல்
நானூற்றுப் பன்னிரண்டு பேரும் துண்டை உதறிப் போட்டு உட்காரட்டும்.
மொத்த வியாபாரிகள் கைகட்டி நிற்கட்டும்.
வெங்காய லொறிக்கும் பருப்பு லொறிக்கும் இடையில்
வழக்கு நடக்கட்டும்.
ஒரு முதுகுக்கு எத்தனை கிலோ என்று
முதுகே தீர்ப்புச் சொல்லட்டும்.

நிமல்சிறி ஐயா பின்னால் வந்து நின்றார்.
அட்டவணை நாலு மணிக்குப் போகவேண்டுமாம்.

1113ஐ அழித்தேன்.
9333.
நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுந்தார்கள்,
துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டினார்கள்,
குனிந்தார்கள்.

மாவட்டத்தின் வேலையின்மை வீதம்
தசமத்துக்குப் பிறகும் அசையவில்லை.
இரண்டு நாட்டாமைக்கும் வேலை இருந்தது, எங்கள் வரைவிலக்கணப்படி.
வாரத்தில் ஒரு மணித்தியாலம் போதும்.

மாலையில் 170ஆம் இலக்க பஸ்,
புறக்கோட்டைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் நின்றது.
முன்னால் ஒரு கைவண்டி,
சீனி மூட்டைகள் ஓர் ஆள் உயரத்துக்கு.
தினமும் நானும் மனதுக்குள் திட்டுகிற வண்டிதான்.
கண்டக்டர் வெளியே தலையை நீட்டி
நாட்டாமி, நாட்டாமி என்று கத்தினான்.
கத்தியது சிங்களத்தில்,
சொல் நம்முடையது.

வண்டி தள்ளியவர் திரும்பவில்லை.
பஸ் மெல்ல அவரைக் கடந்தபோது
நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.
தருபவரின் அடையாளம் இரகசியமாகக் காக்கப்படும் என்று
முதல் பக்கத்திலேயே
நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.