இரண்டு ஒன்பது

வியாழன் இரவு, கல்கரி.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
ஏழாம் மேசையில், என் கையில்
இரண்டு ஒன்பது:
ஒன்று இஸ்கோப்பன், ஒன்று உருவித்தன்.

பன்னிரண்டு டொலர் வைத்தேன்.
எல்லாரும் சீட்டை எறிந்தார்கள்.
எண்ணெய்க் கிணற்றில் இரண்டு விரலை விட்டுவந்த
வெர்ன் மட்டும் கூட வந்தான்.

மரிவிக் மூன்று சீட்டை விரித்தாள்.
கலாவரை ராசா.
ஆடுதன் ஏழு. ஆடுதன் நாலு.

எங்கட முந்நூற்றுநாலில்
ஒன்பதுக்கு இருபது புள்ளி,
ராசாவுக்கு மூன்றே மூன்று.
இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருசம்.
இன்னும் ராசாவைக் கண்டால்
முதல் அரை விநாடி
எனக்குப் பயம் வருவதில்லை.
பிறகுதான் வருகிறது.

வெர்ன் மேசையைத் தட்டினான். என் முறை.

இரண்டு ஏஸ் வைத்திருப்பவளுக்கு யோசனை தேவையில்லை.
ஒன்றுமே இல்லாதவளுக்கும் தேவையில்லை,
எறிந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம்.
இது இரண்டுங்கெட்டான்.
காசை அள்ளி வைத்தால்
என்னைவிடச் சின்னக் கை எல்லாம் எழும்பிப் போய்விடும்,
வெல்லக்கூடியது மட்டும் கூட வரும்.
ஊரையே விருந்துக்கு அழைத்து
கடன்காரன் ஒருவன் மட்டும்
கை கழுவி வந்து உட்கார்ந்த மாதிரி.

நானும் தட்டினேன்.
ஒரு சுண்டு அரிசிக்கு அண்டா எதற்கு,
பானையைப் பெருக்காதே, நளாயினி.

நாலாவது சீட்டு கலாவரை இரண்டு,
யாருக்கும் உதவாத சீட்டு.
வெர்ன் இருபது தள்ளினான்.
ராசா இருக்கலாம்.
நான் தட்டியதைப் பார்த்து வந்த துணிச்சலாயும் இருக்கலாம்.
இருபது கொடுத்தேன்.

பகலில் நான் பஸ் ஓட்டுகிறவள்.
பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடி வருகிற ஆளுக்கு
மூடின கதவை ஒருமுறை திறப்பேன்.
இரண்டாம் முறை திறந்தால்
அடுத்த நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் விறைத்துப்போவார்கள்.

ஐந்தாவது, இஸ்கோப்பன் ராணி.

வெர்ன் அறுபதை எண்ணி வைத்தான்,
மூன்று விரல் கையால், ஒவ்வொன்றாய்.
பிறகு தலையைத் திருப்பி
டிவியில் ஹொக்கி பார்க்கத் தொடங்கினான்.

ஹொக்கி முடிந்து அரைமணி ஆகிறது.
திரையில் யாரோ பனி டயர் விற்கிறார்கள்.

பலமான கைதான் வேறெங்கோ பார்க்கும் என்பார்கள்.
அது வெர்னுக்கும் தெரியும்.
அது எனக்குத் தெரியும் என்பதும்
அவனுக்குத் தெரியும்.
இதற்குமேல் போனால் தலை இடிக்கும்.

கணக்கு சுலபம்:
இப்படி மூன்று தடவை அறுபது கொடுத்து
ஒரு தடவை வென்றாலே போதும்.
இது அந்த ஒரு தடவையா
என்பதைக் கணக்கு சொல்லாது.

மரிவிக் பொறுமையாய் இருந்தாள்.
பக்கத்து ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
ஒன்பதுகளின் முனையை
இன்னொருமுறை தூக்கிப் பார்த்தேன்,
இதற்குள் ஏதும் வளர்ந்திருக்குமோ என்று.

எறிந்தேன்.
வெர்ன் தன் இரண்டையும் கவிழ்த்தபடியே கொடுத்தான்.
அவள் எல்லாவற்றையும்
ஒரே குவியலாய்க் கலந்தாள்.

இரவு ஒரு மணிக்கு என் கார் கிளம்பவில்லை.
வெர்ன் தன் பிக்கப்பை
மூக்கோடு மூக்காய் நிறுத்தி
வயர் கொழுவினான்.
எங்கள் இருவர் மூச்சும்
பொனெட்டுக்கு மேலே வெள்ளையாய் நின்றது.

"ராசா இருந்தது" என்றான்,
நான் கேட்காமலே.

"எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை" என்றேன்.

எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பியது.
அவன் மூன்று விரலை உயர்த்திக் காட்டிப் போனான்.

ஆற்றோர வீதியில் சிவப்பு விளக்கு.
காலை நாலு ஐம்பதுக்கு எனக்கு வேலை.
ராசா இருந்ததாம்.
கேட்காமலே சொல்கிறான்.

விளக்குப் பச்சையாகிவிட்டது.
பின்னால் ஹோர்ன் அடிக்க ஒருவருமில்லை.
நான் இன்னும்
அறுபது டொலரில்
நின்றுகொண்டிருக்கிறேன்.