கூலி நோட்டு

கேத்தி பாலாடாவில் இரவு இரண்டரைக்கு
பிக்கப் வந்து நிற்கும்.
நெற்றி விளக்குகளோடு ஏறுகிறோம்,
ஆண்கள் பதினோரு பேர், பெண்கள் ஒன்பது.
கேரட் பாத்தியில் உறைபனி
உப்புக்கல் மாதிரி காலடியில் நொறுங்கும்.

நோட்டு என் கையில்.
"நீதான் பி.எஸ்சி. கணக்கு, நீயே எழுது"
என்றார் மேஸ்திரி லிங்கராஜ், மூன்று வருடம் முன்பு.
எழுதுவதற்குத் தனிக் கூலி கிடையாது.
அது படிப்புக்குத் தரும் மரியாதையாம்.

குளிரில் பேனா ஓடாது.
அக்குளில் வைத்துச் சூடேற்றி
ஒவ்வொரு பெயராக இறக்குவேன்.

ருத்ரேஷ். வேலைக்கு வந்து நாலாம் நாள்.
நேற்று விளக்கைத் தலைகீழாய்க் கட்டிக்கொண்டு
வானத்தில் கேரட் தேடியவன்.
ஆயிரத்து நூறு.

சிவபாக்கியம். இருபத்திரண்டு வருடம்.
கத்தியைப் பார்க்காமலே ஒரே வீச்சில்
ஐந்து கேரட்டின் தழையைக் கழிப்பவள்.
ஐந்நூற்றைம்பது.

யோகராணி, அதாவது நான்.
ஐந்நூற்றைம்பது.
என் கையெழுத்து அழகு என்பார்கள் கல்லூரியில்.

மூட்டை தூக்குகிறானே, அதற்குத்தான் என்றார்கள்.
சரி.
போன வருடம் மேட்டுக்கு இழுவைக் கம்பி வந்தது.
மூட்டை தானாக ஏறுகிறது, அவன் பொத்தானை அழுத்துகிறான்.
பொத்தானுக்கும் அதே ஆயிரத்து நூறு.

ஒருநாள் கடைசித் தாளில் வரைபடம் போட்டேன்,
படித்த வருடம், உழைத்த வருடம், கூலி.
ஆண்களின் கோடு ஏறியது.
ஐந்து வருடம் கடந்த பெள்ளிராஜுக்கு நூறு கூடுதல்,
டிப்ளமோ முடித்த மோகன்தாஸுக்கு
வாஷிங் மிஷினில் மாதச் சம்பளம்.
பெண்களின் கோடு
கேத்தி ஸ்டேஷன் பிளாட்பாரம் போலப் படுத்துக் கிடந்தது.
இந்த மலையில் இவ்வளவு சமமாக
வேறெதையும் நான் பார்த்ததில்லை.

நேற்று சிவபாக்கியம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
எழுத்து தெரியாது, எண் தெரியும்.
"அவனுக்கு நாலு இலக்கம்.
எனக்கென்ன, பல்லு விழுந்த மாதிரி?"
கத்தியை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு
பதிலுக்கு நிற்காமல் அடுத்த பாத்திக்குப் போனாள்.

இன்று பெயர்களை எழுதிவிட்டேன்.
தொகைக்கு வந்ததும் பேனா நின்றது.
மேஸ்திரி டார்ச் அடிக்கிறார். "என்னம்மா?"
"மை உறைஞ்சிடுச்சு."
"சூடு பண்ணு."

பேனா உள்ளங்கையில் கிடக்கிறது.
விரல்களை நான் மூடவில்லை.
கீழே வாஷிங் மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது,
மேட்டுப்பாளையம் லாரி
இரண்டாம் முறை ஹாரன் அடிக்கிறது.