மூன்றாவது கட்டம்

மைனஸ் எண்பதில் உறைந்த பெட்டிக்குள்
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்தம்
பெயரில்லாமல் இருக்கிறது.
கதவைத் திறந்தால் சட்டென்று மூட வேண்டும்.
என் வேலையில் பாதி அதுதான்.

உலான்பாதரில் அன்று வெளியேயும் முப்பதுக்குக் கீழே.
ஜன்னலில் நிலக்கரிப் புகை.
கருவி தள்ளிய தாளில்
நானூற்றுப் பதினேழுக்கு நேரே
ஓர் எண் மட்டும்
பந்தியில் உட்கார மறுத்து நின்றது.

ஈரல் ஏதோ சொல்கிறது.
சொல்லாமலும் இருக்கலாம்.
இப்படி ஏறி நிற்கும் பத்துப் பேரில்
மூவருக்கே நோய் என்று நாங்களே எழுதியிருக்கிறோம்.
மற்ற ஏழு பேர்
வீணாகத் தூக்கம் தொலைப்பார்கள்.
குறி சொல்கிறவள் கூட
இவ்வளவு பிழையோடு சந்தையில் உட்காரமாட்டாள்.

படிவம், நான்காம் பக்கம்:
முடிவு தெரிய வேண்டுமா?
இரண்டு கட்டங்கள்.
நானூற்றுப் பதினேழு, வேண்டாம்.
பேனா அழுத்திய தடம்
ஐந்தாம் பக்கத்திலும் இருந்தது.
தயங்கிய கை இல்லை அது.

பெயரையும் எண்ணையும் சேர்க்கும் பட்டியல்
இரும்புப் பெட்டியில். இரண்டு சாவிகள்.
ஒன்று என்னிடம் இல்லை.
மற்றதும் என்னிடம் இல்லை.

நெறிமுறைக் குழு கூடியது.
மனம் மாறியிருக்கலாமே,
மறுபடி ஒருமுறை கேட்டால் என்ன என்றார் ஒருவர்.
அந்த ஒரு வாசலில் மட்டும் போய் நின்றால்
கேட்பதே சொன்னதாகிவிடும் என்றார் டாக்டர் செவெக்மித்.
பிறகு வெகுநேரம்
கோப்பைகள் மட்டும் பேசின.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் கேட்பது
என்று முடிவானது.
எண் தெரியும், முகம் தெரியாது
என்பதால் என்னையே அனுப்பினார்கள்.

உவ்ஸ் வரை மூன்று நாள்.
கான்போல்ட் வண்டி ஓட்டினான்.
ஒவ்வொரு கம்பளிக் கூடாரத்திலும் உப்புத் தேநீர்,
ஒரே கேள்வி, ஒட்டாத உறை.
அவர்கள் எழுதும்போது
நான் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்பது விதி.
நிமிர்ந்ததும் கண்களைப் பார்த்தேன்,
வெண்படலத்தில் மஞ்சள் உண்டா என்று.
அது விதியில் இல்லை. வெட்கமாக இருந்தது.
அடுப்பு வெளிச்சத்தில்
எல்லாக் கண்களும் மஞ்சள்தான்.

நொரோவ்சூரென் தாளை வாங்கவில்லை.
இடுப்பளவு பனியில்
எல்லாரையும் ஒரே கேள்வி கேட்க
அரசாங்கம் டீசல் செலவழிக்காது என்றாள்.
யாருக்கோ இருக்கிறது, இல்லையா?

நான் அடுப்பைப் பார்த்தேன்.

நானாகவும் இருக்கலாம்.
அவளது மடியில் அப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டி,
தொப்புள் கொடி காயாமல்.
இன்னும் எழுபது ஆடுகள் ஈன வேண்டும்.
வேண்டும் என்று எழுதினால்
நகரத்துக்கு வரச் சொல்வீர்கள்.
வேண்டாம் என்று எழுதினால்
கதவை ஆணி அடித்து மூடுவீர்கள்.
புல் முளைத்த பிறகு சொல்கிறேன் என்பதற்கு
எங்கே கட்டம்?

இல்லை என்றேன்.
அப்படியானால் வரை என்றாள்.

இரண்டு ஆண்டு எழுதி, நான்கு முறை திருத்தி,
எட்டுப் பேர் கையொப்பமிட்ட படிவத்தில்
அளவுகோல் இல்லாமல் ஒரு கட்டம் வரைந்தேன்.
பக்கத்தில், பிறகு.
அவள் குறியிட்டு
உறையை நாக்கில் நனைத்து ஒட்டினாள்.
அவள்தான் நானூற்றுப் பதினேழா,
இன்றுவரை தெரியாது.

அன்றிரவு வண்டி விளக்கில் எழுதினேன்:
நெறிமுறை விலகல், எண் ஒன்று.
காரணம்: ஆடுகள் ஈன்றுகொண்டிருந்தன.

செயற்கைக்கோள் தொலைபேசியில் செவெக்மித் ஏசவில்லை.
ஒருத்திக்குக் கொடுத்ததை
எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும் என்றார்,
கேட்டு முடித்தவர்களுக்கும்.

கான்போல்ட் டீசலைக் கணக்குப் பார்த்தான்,
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்,
வண்டியைத் திருப்பினான்.
நான் பின்னிருக்கையில்
கட்டம் வரையத் தொடங்கினேன்.
சாலை குலுக்கியதில்
ஒன்றைப் போல ஒன்று இல்லை.