விட்டுட்டு நிறுத்துங்க

மெஷினோடு வந்த குரல்
'சுவாசத்தை உள்வாங்கி நிலைநிறுத்தவும்' என்றது.
யாரும் நிலைநிறுத்தவில்லை.
'இன்னா சொல்லுது?' என்று தலையைத் தூக்கினார்கள்.
படம் கலங்கியது.
நானே பேசிப் பதிந்துவைத்தேன்:
நல்லா இழுங்க. அப்டியே புடிங்க.
பின்னால் ஏசி இரைவது கேட்கும். பரவாயில்லை.

வியாசர்பாடி எத்திராஜ், ஐம்பத்து நான்கு.
பீடி இல்லை. சளியில் கிருமி இல்லை.
ஏழு மாத இருமல்.
தன் வீட்டு மாடிப்படியிலேயே
இரண்டு தடவை உட்கார்ந்து ஏறுகிறார்.

சங்கிலியைக் கழற்றித் தந்தார்.
சட்டைப் பையிலிருந்து
எண் பொறித்த சின்ன அலுமினிய வளையம்.
'இத்த பத்திரமா வையி, சிஸ்டர்.'

கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன்.
எதையோ பறக்கவிட்டவர் போலப் படுத்திருந்தார்.
இழுத்த மூச்சுக்கு நான்கு விநாடி.
மார்பு மில்லிமீட்டர் மில்லிமீட்டராய்த் திரைக்கு வந்தது:
போகி காலையில் பேசின் பிரிட்ஜ்.

'இன்னொண்ணு எடு, மூச்சு வெளியில விட்டு'
என்றார் டாக்டர் வஹீதா.

முழுசா விடுங்க. விட்டுட்டு நிறுத்துங்க.

காற்று போனால் நுரையீரல் வெளுக்க வேண்டும்.
வெளுத்தது,
அங்கங்கே சில கறுப்புத் திட்டுகள் தவிர.
அங்கே காற்று கிளம்பவே இல்லை.

டாக்டரின் டீயில் ஆடை படிந்தது.
மைக்கை அழுத்திக் கேட்டார்:
'வீட்ல பறவை ஏதாவது வளக்கறீங்களா?'

வளையத்துக்குள் படுத்திருந்த முகம்
அன்றைக்கு முதல்முறை சிரித்தது.
'ஹோமர் புறா மேடம். நாப்பத்தாறு.
நாக்பூர்ல உட்டா மறுநாளு மாடில நிக்கும் ஒண்ணு.
சிஸ்டர் கையில குடுத்தேனே,
அது கால்ல கெடந்ததுதான்.'

என் உள்ளங்கையைப் பார்த்தேன்.
இறகுத் தூசி, எச்சத் தூசி, இருபது வருஷம்.
டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார்.
அவர் சட்டைப் பொத்தானை
ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு போனார்.

நாலு மாதம் கழித்து மறுபடி வந்தார்.
மாத்திரையில் முகம் உப்பியிருந்தது.
'குடுத்துட்டீங்களா?'
'குடுத்தேன் சிஸ்டர். கும்முடிபூண்டி மச்சான்கிட்ட.
கூண்டத் தொறந்து காட்டிட்டு
நான் ரயிலேறி வூடு வரேன்,
எனுக்கு முன்னாடி வந்து குந்தினுகீதுங்க.'

ரெண்டு பேரும் சிரித்தோம். அவருக்கு இருமல் வந்தது.
'கூண்டப் பிரிச்சிட்டேன். தீனியும் வெக்கறதில்ல.
கைப்புடிச் சுவத்து மேல ஒக்காந்துனு
கதவையே பாக்குதுங்க.'

கைகளைத் தூக்கினார், நான் சொல்லுமுன்பே.
முழுசா விடுங்க, என்றது என் குரல்.
விட்டார்.
முன்னைவிடக் குறைவுதான்.
இடது கீழோரத்தில்
நாலைந்து கறுப்பு,
இன்னும் உட்கார்ந்திருந்தன.